பல கோப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்து வேலை செய்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டி முதல் மூக்கையூர் வரை இராமநாதபுரம் கடற்கரையில் புழங்கும் மீன், காற்று, வலை, படகு பற்றிய சொற்களை ஊர்வாரியாகத் தட்டச்சு செய்து தொகுக்கும் வேலையை நாங்கள் சிலர் செய்துவருகிறோம். ஊருக்கு ஒரு கோப்பு என்பது கணக்கு. இப்போது 18 கோப்புகள் இருக்கின்றன. எல்லோரும் பயன்படுத்துவது நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுதுமென்பொருள். புதிதாக வந்து சேரும் தம்பி தங்கைகள் சொற்களைப் பற்றிக் கேட்கும் ஐயங்கள் குறைவு. திறந்து வைத்த கோப்புகளுக்குள் வழி தெரியாமல் நின்றுகொண்டு கேட்பவைதான் அதிகம். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

விண்டோஸோடு வருகிற சாதாரண நோட்பேட் போதாதா? இது எதற்குத் தனியாக?

ஒரே ஒரு கோப்பில் வேலை செய்பவருக்குப் போதும். நெடுங்காலமாகச் சாதாரண நோட்பேடில் ஒரு சாளரத்திற்கு ஒரு கோப்புதான். ஒரே சாளரத்தில் பல கோப்புகளைத் திறந்து, உச்சியில் வரிசையாக நிற்கும் பெயர்ப்பட்டைகளைத் தட்டி மாற்றிக்கொள்ளும் டேப் வசதி விண்டோஸ் 11-இல் 2023-இல்தான் அதற்கு வந்தது. நம்மிடம் உள்ள கணினிகளில் பாதிக்கு மேல் அதற்கு முந்தையவை.

நோட்பேட் பிளஸ் பிளஸ் மென்பொருளை டான் ஹோ என்பவர் 2003-இல் வெளியிட்டார். விலையில்லாமல் கிடைக்கிறது, விண்டோஸில் மட்டும் ஓடும். நாம் அதைத் தேர்ந்ததற்கு முதன்மையான காரணம், திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளிலும் ஒரே நேரத்தில் ஒரு சொல்லைத் தேட முடியும் என்பதே.

டேப் என்றாலும் கோப்பு என்றாலும் ஒன்றுதானே அண்ணே?

இல்லை. இந்தப் பக்கத்தில் உள்ள பாதிக் கேள்விகளுக்கான விடை இந்த ஒரு வேறுபாட்டில் இருப்பதால், இதைமட்டும் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். கோப்பு என்பது வட்டிலோ பென் டிரைவிலோ, ஒரு குறிப்பிட்ட ஃபோல்டரில், ஒரு முகவரியில் இருப்பது. அதை நீங்கள் திறக்கும்போது மென்பொருள் அதன் நகல் ஒன்றை எடுத்து நினைவகத்தில் வைத்து, டேபில் உங்களுக்குக் காட்டுகிறது. நீங்கள் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் அந்த நகலில்தான் விழுகிறது. வட்டில் உள்ள மூலம் அசையாமல் அப்படியே இருக்கிறது. சேமிக்கும்போதுதான் நகல் போய் மூலத்தின் இடத்தில் அமர்கிறது.

ஆகவே, ஒரு டேபைப் பார்க்கும்போது இரண்டு கேள்விகளை மனத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்: இது எந்த முகவரியில் உள்ள கோப்பின் நகல்? இந்த நகலும் மூலமும் இப்போது ஒன்றாக இருக்கின்றனவா? முதல் கேள்விக்கு விடை, சாளரத்தின் உச்சியில் உள்ள தலைப்புப் பட்டையில் முழு முகவரியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்கு விடை அடுத்த கேள்வியில்.

டேபில் ஒரு சின்னப் படம் சில நேரம் சிவப்பாகவும் சில நேரம் நீலமாகவும் இருக்கிறதே?

பழைய ஃப்ளாப்பி வட்டின் படம் அது. நீலமாக இருந்தால் சேமிக்கப்பட்டுவிட்டது; சிவப்பாக இருந்தால் சேமிக்காத மாற்றம் இருக்கிறது. சாம்பல் நிறமாக இருந்தால் அந்தக் கோப்பைப் படிக்க மட்டுமே முடியும், திருத்த முடியாது. எழுந்து போகும் முன் டேப் வரிசையை ஒருமுறை கண்ணால் ஓட்டிச் சிவப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். இருந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் ஒன்றாகச் சேமிக்கப்பட்டுவிடும்.

மவுஸைத் தொடாமல் ஒரு டேபிலிருந்து இன்னொன்றுக்குப் போக வழி உண்டா?

கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு டேப் விசையைத் தட்டினால் திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியல் தோன்றும். அது டேப்கள் நிற்கும் வரிசையில் இருக்காது. கடைசியாகப் பயன்படுத்தியது முதலில் வரும். இரண்டே கோப்புகளுக்கு இடையில் மாறி மாறிப் போவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை. திரையில் நிற்கும் வரிசைப்படியே போக வேண்டுமென்றால் கண்ட்ரோலுடன் பேஜ் டவுன், பேஜ் அப் விசைகள்.

கைதவறி டேபை மூடிவிட்டேன். போனது போனதுதானா?

கண்ட்ரோல், ஷிஃப்ட், டி. தேநீர்க் கடையின் டீ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். கடைசியாக மூடிய கோப்பு மறுபடி திறக்கும். ஆனால் திறப்பது வட்டில் உள்ள மூலம். மூடும்போது ‘சேமிக்கவா’ என்று கேட்டதற்கு நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லியிருந்தால், சேமிக்காத பகுதி திரும்பி வராது.

டேப் நிறைய ஆகிவிட்டால் எது எந்த ஊர் என்றே தெரியவில்லை.

இதில் தவறு என்னுடையது. தொடக்கத்தில் நான் எல்லாக் கோப்புகளுக்கும் ‘கடற்சொற்கள் தொகுப்பு’ என்று தொடங்கிக் கடைசியில் ஊர்ப்பெயர் வருமாறு பெயர் வைத்தேன். எல்லா டேப்களும் ஒரே முகத்தோடு நின்றன. இப்போது ஊர்ப்பெயரே கோப்பின் பெயர்.

அதன் பிறகும் நெருக்கடியாக இருந்தால், வியூ மெனுவில் உள்ள ‘டாக்குமெண்ட் லிஸ்ட்’டைத் திறந்துகொள்ளுங்கள். திறந்திருக்கும் கோப்புகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓரத்தில் வரிசையாக நிற்கும். வேலை முடிந்தவற்றை மூடிவிடுவது இதைவிடவும் நல்லது.

18 கோப்பையும் ஒன்றாகத் திறந்தால் என் பழைய கணினி திணறாதா?

திணறாது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் குறிமுறையான யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் இடம் எடுக்கிறது. ‘பாம்பன்’ என்பது நம் கண்ணுக்கு 4 எழுத்து. கணினிக்கு ப, துணைக்கால், ம, புள்ளி, ப, ன, புள்ளி என 7 குறியீடுகள். ஆக 21 பைட். இந்தக் கணக்கில் பல்லாயிரம் சொற்கள் உள்ள கோப்பும் கைப்பேசியில் எடுத்த ஒரு புகைப்படத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். திணறுவது கணினி அல்ல, நம் கவனம்தான்.

வடகடல் ஊர்க் கோப்பையும் தென்கடல் ஊர்க் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியுமா?

நம் வேலைக்கு மிகவும் பயன்படும் வசதி இதுவே. பாக் நீரிணைப் பக்கமுள்ள தொண்டியின் கோப்பையும் மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள வாலிநோக்கத்தின் கோப்பையும் திறந்துகொள்ளுங்கள். ஒன்றன் டேபின்மேல் வலது பொத்தானை அழுத்தி ‘மூவ் டு அதர் வியூ’ என்பதைத் தேர்ந்தால், சாளரம் இரண்டாகப் பிளந்து அந்தக் கோப்பு மறுபாதிக்குப் போய்விடும். இரு பாதிகளுக்கும் தனித்தனி டேப் வரிசை உண்டு. எஃப்8 விசை கர்சரை ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குக் கொண்டுபோகும்.

இரண்டும் சேர்ந்தே நகர வேண்டுமென்றால் வியூ மெனுவில் செங்குத்து நகர்வை இணைக்கும் ‘சின்க்ரனைஸ் வெர்டிகல் ஸ்க்ரோலிங்’ வசதி இருக்கிறது. அது சொற்களைப் பார்த்து இணைப்பதில்லை. வரிகளை எண்ணித்தான் நகர்த்துகிறது. ஆகவே முதலில் இரண்டு பக்கத்திலும் ‘காற்று’ என்ற தலைப்பை ஒரே உயரத்தில் நிறுத்திவிட்டு, அதன் பிறகு இணைப்பைப் போடுங்கள். ஒரு பக்கம் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நான்கு வரியும் மறுபக்கம் ஆறு வரியும் இருந்தால், அடுத்த தலைப்பில் இரண்டும் பிசகிவிடும். இதற்காகவே, இல்லாத சொல்லுக்கு ஒரு வெற்று வரி விடும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒரே கோப்பின் மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் சேர்த்துப் பார்க்க முடியுமா?

முடியும். முந்தைய விடையில் சொன்ன அதே மெனுவில் ‘மூவ்’ என்பதற்குப் பதிலாக ‘குளோன் டு அதர் வியூ’ என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். இங்கே இருப்பது நினைவகத்தில் உள்ள ஒரே நகலுக்கு இரண்டு சன்னல்கள்; ஒன்றில் திருத்தினால் மற்றதிலும் அந்தக் கணமே திருந்தும். இதனால் எந்தக் குழப்பமும் வராது. குழப்பம் தரும் இரட்டை வேறு. அது பின்னால் வருகிறது.

சேமிக்கும் முன்பே கரண்ட் போய்விட்டது. எல்லாம் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. ஐப்பசி மழையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த ஒரு மாலையில், மண்டபத்தில் ஒரு தங்கை வலையின் பகுதிகளைப் பற்றி நாற்பது வரி அடித்து, ஒருமுறைகூடச் சேமிக்காமல் இருந்தார். மின்சாரம் திரும்பி மென்பொருளைத் திறந்தபோது, பெயர்கூட வைக்காத ‘நியூ 1’ என்ற டேப் நாற்பது வரியோடும் சிவப்பு அடையாளத்தோடும் அப்படியே நின்றது. செட்டிங்ஸில் ‘பேக்கப்’ என்ற பகுதியில் உள்ள வசதி இதற்குக் காரணம். மாற்றம் இருந்தால் 7 நொடிக்கு ஒருமுறை அது சேமிக்காத நகலைத் தனியாக ஓர் இடத்தில் எழுதி வைக்கும். வழக்கமாக இது தொடக்கத்திலேயே போடப்பட்டிருக்கும். உங்கள் கணினியில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதனால் ஒரு சோம்பலும் வந்துவிடுகிறது. மென்பொருளையே மூடினாலும் அது ‘சேமிக்கவா’ என்று கேட்காது. அடுத்த முறை திறக்கும்போது சிவப்பு டேப்களோடு மறுபடி வந்து நிற்கும். அந்த மாற்றங்கள் இருப்பது அந்த ஒரு கணினியின் காப்பிடத்தில் மட்டுமே. பென் டிரைவில் நகலெடுத்து எனக்கு அனுப்பும் கோப்பில் அவை இருக்காது. ‘நான் அடித்தது உங்களுக்கு ஏன் வரவில்லை’ என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் இதுவே விடை.

‘பாம்பன்’ என்று இரண்டு டேப் நிற்கிறது. இரண்டில் எது உண்மையானது?

இரண்டும் உண்மையானவையே, முகவரிதான் வேறு. ஒன்று கணினியின் வட்டில் இருப்பது, மற்றது பென் டிரைவில் இருப்பது. டேபின்மேல் மவுஸைச் சற்று நிறுத்தினால் முழு முகவரி தெரியும்.

தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவர், பாசி எடுக்கும் பெண்களிடம் கேட்டு எழுதிய சொற்களை, மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி தொடங்கி ஏறத்தாழ அறுபது சொற்களை, வீட்டில் இருந்தபடி பென் டிரைவில் உள்ள கோப்பில் அடித்து வந்தார். இங்கே வந்ததும் இரண்டையும் திறந்தார். பழைய டேபில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்துவிட்டு, ‘திருத்திய’ கோப்பை ஃபோல்டரிலிருந்து எடுத்துப் பென் டிரைவின்மேல் ஒட்டினார். ஒரு பிழை திருந்தியது, அறுபது சொல் அழிந்தது. திரும்பப் போய்க் கேட்டபோது அந்த அக்கா, “நேத்துத்தானே தம்பி எல்லாத்தையும் சொன்னேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி முதலிலிருந்து சொன்னாராம்.

அன்றிலிருந்து ஒரு விதி: பென் டிரைவிலிருந்து நேரடியாகக் கோப்பைத் திறக்கக் கூடாது. முதலில் கணினிக்கு நகலெடுங்கள். ஏற்கெனவே அதே பெயர் இருந்தால் புதியதன் பெயருடன் அன்றைய தேதியைச் சேர்த்துவிடுங்கள். பிறகு இரண்டையும் திறந்து, மேலே சொன்னபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாடுகளைக் கண்ணால் தேட அலுப்பாக இருந்தால், ‘பிளகின்ஸ் அட்மின்’ பட்டியலிலிருந்து ‘கம்பேர்பிளஸ்’ என்ற துணைநிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். அது வேறுபடும் வரிகளை நிறமிட்டுக் காட்டும்.

பென் டிரைவை எடுத்ததும் ‘இந்தக் கோப்பு இப்போது இல்லை, எடிட்டரில் வைத்துக்கொள்ளவா’ என்று கேட்கிறது. என்ன சொல்வது?

‘ஆம்’ என்று சொல்லுங்கள். மூலம் போய்விட்டது, நகல் மட்டும் கையில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ‘இல்லை’ என்றால் நகலையும் விட்டுவிடுகிறீர்கள். ‘ஆம்’ சொன்ன கையோடு ‘சேவ் ஆஸ்’ கொடுத்துக் கணினியில் ஓர் இடத்தில் சேமித்துவிடுங்கள். கோப்பு திறந்திருக்கும்போதே வெளியே ஃபோல்டரில் அதன் பெயரை மாற்றினாலும் இதே கேள்வி வரும்.

‘சேவ் ஆஸ்’ கொடுத்த பிறகு பழைய டேப் எங்கே போகிறது?

டேப் புதிய முகவரிக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது. பழைய கோப்பு வட்டில் பழையபடியே இருக்கிறது. ஒரு காப்புநகல் மட்டும் எடுத்துவிட்டு மூலத்திலேயே தொடர வேண்டுமென்றால் ‘சேவ் எ காப்பி ஆஸ்’ என்பதைப் பயன்படுத்துங்கள்.

‘வேறொரு நிரல் இந்தக் கோப்பை மாற்றிவிட்டது, மறுபடி ஏற்றவா’ என்று வந்தால் பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம், ஆனால் படிக்காமல் அழுத்தவும் வேண்டாம். நீங்கள் நகலை எடுத்த பிறகு வட்டில் உள்ள மூலம் மாறியிருக்கிறது என்பதே செய்தி. பொது ஃபோல்டரில் உள்ள கோப்பை இன்னொருவரும் திறந்து சேமித்திருக்கலாம்; அல்லது நீங்களே மென்பொருளை இரண்டு முறை தனித்தனியாக ஓடவிட்டு இரண்டிலும் ஒரே கோப்பைத் திறந்திருக்கலாம். நான் குழப்பம் தரும் இரட்டை என்று முன்னே சொன்னது இதைத்தான். இங்கே நகல்கள் இரண்டு, ஒன்றுக்கு மற்றதைப் பற்றித் தெரியாது.

உங்கள் டேப் நீலமாக இருந்தால் தயங்காமல் ‘ஆம்’. சிவப்பாக இருந்தால் ‘ஆம்’ என்பது உங்கள் மாற்றங்களை அழித்துவிடும். ‘இல்லை’ என்று சொல்லிப் பிறகு சேமித்தால் மற்றவருடைய மாற்றங்களை அழித்துவிடும். ஆகவே ‘இல்லை’ என்று சொல்லி, உடனே உங்கள் நகலை வேறு பெயரில் சேமித்துவிட்டு, மூலத்தைப் புதிதாகத் திறந்து இரண்டையும் ஒப்பிட்டுச் சேருங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவே.

திறந்திருக்கும் எல்லாக் கோப்பிலும் ஒரு சொல்லைத் தேடவும் மாற்றவும் செய்யலாமா?

தேடலாம், தாராளமாக. கண்ட்ரோலுடன் எஃப் அழுத்தி, ‘ஃபைண்ட் ஆல் இன் ஆல் ஓபன்டு டாக்குமெண்ட்ஸ்’ கொடுத்தால், கிடைத்த வரிகள் கோப்புவாரியாகக் கீழே வந்து நிற்கும். வரியை இருமுறை தட்டினால் அந்த இடத்திற்கே போகலாம். தமிழில் சொல்லின் கடைசி எழுத்து மாறிக்கொண்டே இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ‘கச்சான்’ என்று தேடினால் ‘கச்சாங்காத்து’ கிடைக்காது. ‘கச்சா’ என்று தேடினால் இரண்டும் கிடைக்கும்.

மாற்றுவதில் நான் அத்தனை தாராளம் காட்டமாட்டேன். ‘பாறை’ என்ற மீன் பெயரைப் ‘பாறை மீன்’ என்று எல்லாக் கோப்பிலும் ஒரே அடியாக மாற்றினார் ஒருவர். கீழக்கரைக் கோப்பில் ‘பாறைக்கடியில் கணவாய் முட்டையிடும்’ என்றிருந்த வரி, ‘பாறை மீன்க்கடியில் கணவாய் முட்டையிடும்’ என்றாகிவிட்டது. கண்ட்ரோல், இசட் அழுத்தினால் அந்த ஒரு டேபில் மட்டுமே பழைய நிலை திரும்பும். ஒவ்வொரு டேபாகப் போய் அழுத்த வேண்டும். சேமிக்காமல் மூடித் தப்பிக்க நினைப்பவர்கள் டேப்களைத்தான் மூட வேண்டும். மென்பொருளை மூடினால், மின்வெட்டுக் கேள்வியில் சொன்னபடி, அந்தப் பிழைகள் எல்லாம் மறுநாளும் பத்திரமாக வந்து நிற்கும்.

ஒரு டேபில் ஒட்டினால் தமிழாக வருகிறது, இன்னொன்றில் வெறும் கேள்விக்குறியாக வருகிறதே?

ஒவ்வொரு டேபுக்கும் எழுத்துக் குறிமுறை தனித்தனி. சாளரத்தின் அடியில் வலப்பக்கம் பாருங்கள். அங்கே ‘யுடிஎஃப்-8’ என்றிருந்தால் தமிழ் நிற்கும், ‘ஆன்சி’ என்றிருந்தால் நிற்காது. ஒட்டியதை முதலில் கண்ட்ரோல், இசட் அழுத்தி நீக்குங்கள். என்கோடிங் மெனுவில் ‘கன்வர்ட் டு யுடிஎஃப்-8’ கொடுங்கள். பிறகு மறுபடி ஒட்டுங்கள். கேள்விக்குறிகளோடு சேமித்துவிட்டால் அவற்றை மீண்டும் தமிழாக்க எந்த வழியும் இல்லை, ஏனெனில் அங்கே இருப்பவை உண்மையிலேயே கேள்விக்குறிகள்தாம்.

என் டேப் வரிசையை அப்படியே இன்னொரு கணினிக்குக் கொண்டுபோக முடியுமா?

ஃபைல் மெனுவில் ‘சேவ் செஷன்’ என்று இருக்கிறது. ஆனால் அதில் பதிவாவது கோப்புகளின் முகவரிகளே, உள்ளடக்கம் பதிவாவதில்லை. மற்றக் கணினியிலும் அதே ஃபோல்டர்கள் அதே இடத்தில் இருந்தால்தான் பயன்.

இரண்டு டேபிலும் ‘கொண்டல்’ என்று கண்ணால் பார்க்கிறேன். தேடினால் ஒன்றில்தான் கிடைக்கிறது!

மிக நல்ல கேள்வி. எனக்கே விடை கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று. ‘கொ’ என்பதைக் கணினி இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறிக்கென்று ஒரே குறியீடு உண்டு. ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக அடுத்தடுத்து வந்தாலும் திரையில் அதே உருவம்தான் தெரியும். சில பழைய விசைப்பலகை நிரல்களும் எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது வகையில் எழுதிவிடுகின்றன. நோட்பேட் பிளஸ் பிளஸ் இரண்டையும் வெவ்வேறு சொல்லாகவே எண்ணித் தேடுகிறது.

இங்கே மட்டும், மேலே வேண்டாம் என்று சொன்ன எல்லாக் கோப்புக்குமான மாற்றத்தைச் செய்யலாம்: தனிக்கொம்பும் தனிக்காலும் சேர்ந்த இணையை ஒகரக் குறியாகவும், இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்ததை ஓகாரக் குறியாகவும் மாற்றுங்கள். அந்த இணைகளுக்குத் தமிழில் வேறு பொருள் இல்லாததால் எதுவும் கெடாது. இதைப் பார்த்துவிட்டு, ஒற்றைக்கொம்போடு ‘ள’ வருவதையெல்லாம் ஔகாரமாக மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே ‘ள’ உண்மையான எழுத்தாகவும் இருக்கலாம். நம் 18 கோப்புகளிலும் கெளுத்தி மீன் இருக்கிறது.